நாற்பதுக்கு ஒன்று

கோல்பி ஹாலோ, வெர்மான்ட்
பிப்ரவரி 24, 1974

அன்புள்ள தெல்மா அக்காவுக்கு,

வெர்னா எழுதுவது. இங்கே நானும் ஹார்லனும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் கிளைட் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் அட்டையில் அவர் வழக்கமாகக் கிறுக்கி அனுப்பும் கள்ளிச்செடிப் படம் இந்த வருஷம் இல்லையே என்று ஹார்லன் கேட்டார். குனிந்து எழுதக்கூட முடியவில்லையோ என்னவோ. என் இடுப்பெலும்பு கூடிவிட்டது. ஆனாலும் பனிக்கட்டியில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் பயமுறுத்தி வைத்திருக்கிறார். அதனால் ஜன்னலே கதி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செய்தி என்னவென்றால், ஹார்லனுக்கு மேப்பிள் பாகுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. முப்பது வருஷம் ஊர்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவரால் ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் கையைக் காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. நவம்பரிலேயே பின்சரிவில் முப்பது மேப்பிள் மரங்களைத் தேர்ந்தெடுத்து நீலச் சாயம் பூசினார். கீழே இருந்த பழைய கோழிக்கூட்டைக் காய்ச்சும் கொட்டகையாக்கினார். நேற்று முப்பது மரத்திலும் துளை போட்டு, குழாய் அடித்து, மரநீர் பிடிக்க வாளி மாட்டியாகிவிட்டது.

அதோடு விட்டாரா? போன ஞாயிறு தேவாலயத்தில் எழுந்து நின்று, ஏப்ரலில் நடக்கும் பனிப்பாகு விருந்துக்கு வேண்டிய ஐந்து காலன் பாகும் தன் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார். நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை. ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
வெர்னா


மேசா, அரிசோனா
மார்ச் 5, 1974

அன்புள்ள வெர்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். அத்தானுக்கு முதுகு தேவலை. அட்டை எழுதிய அன்று அவர் வெளியே போயிருந்தார், அவ்வளவுதான். ஆரஞ்சு மரங்கள் பூத்துத் தெருவெல்லாம் மணக்கிறது. எனக்குத் தலைவலி வருகிறது. உன் இடுப்பைப் பார்த்துக்கொள்.

ஹார்லன் பாகு காய்ச்சுவது நல்லதுதான். அப்பாவோடு கொட்டகையில் பன்னிரண்டு வசந்தம் நின்றவள் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன். நுரை பொங்கினால் ஒரு சொட்டுப் பாலேடு விடச் சொல், அடங்கிவிடும். பதம் நெருங்கும் நேரத்தில் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, எடுத்தால் கரிதான் மிஞ்சும்.

இன்னொன்று. ஓய்வு பெற்ற ஆண்கள் இரண்டு வகை. ஒரு வகை வீட்டில் உட்கார்ந்து நன்றாக ஓடுகிற கடிகாரத்தைப் பிரித்துப் போடும். இன்னொரு வகை வெளியே போக ஒரு காரணம் கண்டுபிடிக்கும். உன்னுடையவர் எந்த வகை என்று இப்போதே கவனித்து வை. நான் ஒன்றும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா தெல்மா, கிளைட்


கோல்பி ஹாலோ
மார்ச் 18, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். இரண்டு சின்னப் பாட்டில், ஒன்று உனக்கு, ஒன்று அத்தானுக்கு. பெயர் எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன், சண்டை போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், பாகு வந்துவிட்டது. முதல் வாரம் ஹார்லன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒரு தீக்காயம் வேறு. கேட்டால், "பழகணும்ல" என்றார். அப்புறம் திடீரென்று கைவந்துவிட்டது போலிருக்கிறது. போன சனிக்கிழமை வாளிகளை இறக்கிப் பெரிய தொட்டியில் ஊற்றியபோது இருபது காலன் மரநீர் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொட்டகைக்குப் போனவர், இருட்டும்போது இரண்டு காலன் பாகோடு வந்தார். பொன் நிறம், கண்ணாடி போலத் தெளிவு. எனக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் கெட்டான்.

நான் ஒருநாள் கொட்டகைக்கு வருகிறேன் என்றேன். "சரிவெல்லாம் பனிக்கட்டி. இன்னொரு எலும்பையும் ஒடச்சுக்காத" என்றார். என்மேல் அக்கறைதான்.

உன் தங்கை,
வெர்னா


மேசா
மார்ச் 25, 1974

அன்புள்ள வெர்னாவுக்கு,

நலம். பார்சல் உடையாமல் வந்தது. அத்தான் தன் பாட்டிலைக் காலை அப்பத்துக்கு ஊற்றி மூன்றே நாளில் தீர்த்துவிட்டார். நீ நலமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு மண் துகள் இல்லை. நல்ல கம்பளித் துணியில், சூடு ஆறுவதற்குள், பழகிய கை வடித்த பாகு இது. அப்பாவுக்கே இந்தத் தெளிவு வர ஆறு வருஷம் ஆயிற்று. உன்னவருக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது.

இரண்டாவது, கணக்கு. நாற்பது காலன் மரநீர் வற்றினால் ஒரு காலன் பாகு. இது அப்பா காலத்திலும் அப்படித்தான், அவர் தாத்தா காலத்திலும் அப்படித்தான். இருபது காலனுக்கு அரைக் காலன் வரவேண்டும். உன் வீட்டுக்கு இரண்டு காலன் வந்திருக்கிறது. மீதி ஒன்றரை எந்த மரத்தில் காய்த்தது?

மாடி ஜன்னலிலிருந்து கோழிக்கூட்டின் கூரை உனக்குத் தெரியும். மரநீர் கொதித்தால் கூரை இடுக்கெல்லாம் வெள்ளை ஆவி மேகம் போல எழும், ஒரு மைல் தள்ளி இருப்பவனுக்கும் தெரியும். எழுகிறதா என்று பார். விறகு அடுக்கு குறைகிறதா என்று பார். அவர் கோட்டை முகர்ந்து பார். பாகு காய்ச்சுகிறவன் துணியில் தித்திப்பும் புகையும் கலந்த ஒரு வாடை ஏறிவிடும், துவைத்தாலும் போகாது.

முகட்டுக்கு அந்தப்பக்கம் பெர்னிஸ் பகெட்டுக்கு முந்நூறு மரம் உண்டல்லவா? புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்குமே. இன்னும் அப்படியே வாய்விட்டுச் சிரிக்கிறாளா? நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கிறேன்.

உன் அக்கா தெல்மா, கிளைட்


கோல்பி ஹாலோ
ஏப்ரல் 2, 1974

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருங்கள். உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதரைப் பற்றி இப்படி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று நினைத்தேன். அடுப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய் ஜன்னலருகே உட்கார்ந்தேன்.

ஆவி இல்லை, அக்கா.

வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் பார்த்தேன். மதியம் போகிறார், இருட்டும்போது வருகிறார், கூரை மேல் ஒரு இழை கூட எழவில்லை. விறகு அடுக்கின் தலையில் மார்ச் மாதத்துப் பனி கலையாமல் கிடக்கிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, பாகு மட்டும் வருகிறது. நிலவறையில் நாலு காலன் சேர்ந்துவிட்டது.

கோட்டை முகர்ந்தேன். நீ சொன்ன வாடை இருக்கத்தான் செய்கிறது. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பார்த்தால் கைப்பகுதியில் மஞ்சள் நாய்முடி. நம் வீட்டில் நாய் இல்லை. பைக்குள் கைவிட்டேன், இலவங்கப்பட்டை ரொட்டித் துணுக்கு.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டேன். "ஹார்லன், கொட்டகை மேல ஆவியே காணோமே?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

"மூணு நாளுமா?"

"இந்த உருளைக்கெழங்கு நல்லா இருக்கு" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனிதர் அவர். இத்தனை வருஷமாக அதைத்தான் நான் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெர்னிஸ் இன்னும் அப்படியேதான் சிரிக்கிறாள். தபால் நிலையத்தில் என்னைப் பார்த்தால் மட்டும் இப்போது சிரிப்பதில்லை, அவசரமாகப் போய்விடுகிறாள்.

என்ன செய்வது என்று எழுது.

வெர்னா


மேசா
ஏப்ரல் 8, 1974

அன்புள்ள வெர்னாவுக்கு,

சீக்கிரம் சேரட்டும் என்று விமானத் தபாலில் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. சாப்பாட்டை விட்டுவிட்டால் புத்தி தடுமாறும்.

நேரில் கேட்காதே. கேட்டால் உருளைக்கிழங்கைப் புகழத்தான் செய்வார்கள். வரிசையை நான் சொல்கிறேன், சரிபார். முதலில் வாரநாளிலும் முகம் மழிப்பார்கள். அப்புறம் வீட்டு வேலைகளில் ஒன்றை வலிய எடுத்துக்கொள்வார்கள். பெட்ரோல் போட நானே போகிறேன், இந்தத் தட்டுப்பாட்டில் நீ எதற்கு மூன்று மணிநேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பார்கள். நீயும் எவ்வளவு நல்லவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பாய். அப்புறம் உன்மேல் புதிதாக ஒரு பரிவு வரும். 'உன் தங்கச்சிய ஒரு நட போயி பார்த்துட்டு வாயேன்' என்பார்கள். அந்த வார்த்தை வந்துவிட்டால் முடிந்தது.

ஒரு பெட்டியைக் கட்டிவை. இங்கே வந்துவிடு. இரண்டாவது படுக்கையறை சும்மாதான் இருக்கிறது. அலமாரியில் பாதி காலியாகவே இருக்கிறது, உன் துணிக்குத் தாராளமாகப் போதும். வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அத்தான் ஒன்றும் சொல்ல மாட்டார்.

போவதற்கு முன் ஒரே ஒரு தடவை உன் கண்ணால் பார்த்துவிடு. பார்க்காமல் வந்தால் ஆயுசுக்கும் உறுத்தும். அது எனக்குத் தெரியும்.

உன் அக்கா தெல்மா, கிளைட்


கோல்பி ஹாலோ
ஏப்ரல் 22, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை கூசவில்லை, உண்மையாகவே நலம். நீயும் அத்தானும் நலம்தானே? உட்கார்ந்து படி, நீளமான கதை.

பெட்டி கட்டினேன். கட்டிலுக்கடியில் தள்ளினேன். போன புதன்கிழமை அவர் கிளம்பியதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு சாலை வழியாக முகட்டைச் சுற்றிப் போனேன். ஒரு மைல். இடுப்பு கெஞ்சியது, நான் கேட்கவில்லை. பெர்னிஸ் வீட்டு முன்னால் மஞ்சள் நாய் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய கொட்டகைக் கதவுக்கு அப்பால் பேச்சுக்குரல் கேட்டது. தட்டாமல் தள்ளினேன்.

ஹார்லன் முழங்கைவரை வெந்நீர்த் தொட்டிக்குள் இருந்தார். இடுப்பில் பூப்போட்ட சமையல் அங்கி. அவரைச் சுற்றி வாளிகள், சுவர் உயரத்துக்கு. பெர்னிஸ் இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "அடியில இன்னும் வழவழன்னு இருக்கு. ரோட்டுல பனி தள்ளுற மாதிரி தள்ளாத. தேய்."

என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வாளி நழுவியது. "வெர்னா, உன் இடுப்பு..." என்றார்.

"என் இடுப்ப விடுங்க. இங்க என்ன நடக்குது?"

அவர் பெர்னிஸைப் பார்த்தார். "நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள் அவள்.

ஹார்லன் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் சொன்னார். "அது சர்க்கரை மேப்பிள் இல்ல வெர்னா. முப்பதும் செவப்பு மேப்பிள்."

உனக்கு விளங்கியிருக்கும், அக்கா. எனக்குத்தான் விளங்க நேரமாயிற்று. நவம்பரில் இலையெல்லாம் கொட்டிய பிறகு மொட்டை மரங்களைப் பார்த்துச் சாயம் பூசியிருக்கிறார். சிவப்பு மேப்பிள் நீரில் இனிப்பு குறைவு. நாற்பது போதாது, அறுபது காலன் வேண்டும் ஒரு காலன் பாகுக்கு. முதல் வாரம் இரண்டு நாள் விடாமல் காய்ச்சியும் பதம் வரவில்லை. அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். சட்டி கரியாகிவிட்டது. கரிச்சட்டியைப் பனிக்குள் புதைத்துவிட்டு, விருந்துக்குச் சொன்ன ஐந்து காலனுக்கு எங்கே போவது என்று பெர்னிஸ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அவளுக்கு முழங்கால் முடியவில்லை. நீர் சுமந்து, அடுப்புக்கு விறகு தள்ளி, கடைசியில் முந்நூறு வாளியும் கழுவிக் கொடுத்தால் ஐந்து காலன் தருகிறேன், வாயும் திறக்க மாட்டேன் என்றிருக்கிறாள். நம் தொட்டியில் சேர்ந்த நீரையெல்லாம் போகும் வழியில் ஓடையில் கொட்டியிருக்கிறார்.

சந்தேகப்பட்டதற்கு எனக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஊரிலேயே பிறந்தவர், ஒரு மரத்தை அடையாளம் தெரியவில்லை என்பதை என்னிடம் சொல்ல முடியாமல் ஆறு வாரம் பொய் சொல்லியிருக்கிறார்.

"நான் பொட்டி கட்டி வெச்சிருக்கேன், ஹார்லன்" என்றேன். "தெல்மா வீட்டுக்குப் போறதுக்கு."

அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெர்னிஸ் எழுந்து வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவரே பெட்டியை இழுத்துப் பிரித்து, என் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார். ஒன்றுகூட ஒழுங்காக மடிக்கவில்லை. நான் திருத்தவில்லை.

சனிக்கிழமை விருந்து. தட்டு தட்டாகப் பனி, மேலே பாகு, பக்கத்தில் ஊறுகாயும் டோனட்டும், எல்லாம் வழக்கம் போல. ஹார்லன் எழுந்து, "இது என் பாகு இல்ல" என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. தபால்கார எல்ஸ்வொர்த், "தெரியும், உக்காரு" என்றார். "நீ சாயம் பூசுன நாள்லேர்ந்து தெரியும். இப்ப ரோட்டுல வந்து பாரு. முப்பது வாளி, ஒவ்வொண்ணுக்கும் மேல செவப்பா பூ." ஊரே சிரித்தது. சிவப்பு மேப்பிள் பூக்கும் மாதம் இது, மலைச்சரிவே சிவந்து கிடக்கிறது. ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்த நான் கூரையைப் பார்த்தேனே தவிர மரத்தைப் பார்க்கவில்லை.

அத்தானிடம் சொல், விழுந்து விழுந்து சிரிப்பார்.

உன் தங்கை,
வெர்னா


மேசா
மே 9, 1974

அன்புள்ள வெர்னாவுக்கு,

பதில் தாமதம். வெயில் தாங்கவில்லை. நலம். உன் இடுப்புக்கு ஒரு மைல் நடை கூடாது.

நீ எழுதியதைப் படித்தேன். நீ நம்பிவிட்டாய். சந்தோஷம். ஆனால் அங்கி கட்டியவன் எல்லாம் யோக்கியன் ஆகிவிட மாட்டான். மரம் தெரியவில்லை என்பதை ஒரு நாளில் சொல்லிவிடலாமே, ஆறு வாரம் எதற்கு? அவள் ஏன் தபால் நிலையத்தில் உன் முகத்தைப் பார்க்கவில்லை? ஊர் சிரித்துவிட்டால் உண்மையாகிவிடுமா? ஒரு பொய்யை மூட இன்னொரு சின்னப் பொய்யை ஒப்புக்கொள்வது பழைய வித்தை. அத்தானும் அப்படித்தான் சொல்கிறார்.

நான் உன்னைக் கலைக்கவில்லை. அலமாரியில் பாதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உன் அக்கா தெல்மா, கிளைட்


யூமா, அரிசோனா
மே 27, 1974

ஹார்லனுக்கு,

நலமா? வெர்னாவின் இடுப்பு தேவலையா? இங்கே நாங்கள் இருவரும் நலம். இங்கே ஆறு பக்கத்தில் இருப்பதால் மறுபடி மீன்பிடிக்க ஆரம்பித்திருக்கிறேன். உன் களஞ்சியத்தில் நான் விட்டுவந்த தூண்டில் பெட்டியை மேலே உள்ள விலாசத்துக்கு அனுப்ப முடியுமா? மேசாவுக்கு அனுப்ப வேண்டாம். டிசம்பரிலிருந்து நான் அங்கே இல்லை என்று தெல்மா எழுதியிருப்பாள். அவள் பக்கத்து நியாயத்தை அவள் எழுதியிருப்பாள், அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

நீ பாகு காய்ச்சிய கதையை உங்கள் பக்கத்து ஊரில் இருக்கும் என் அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லையேப்பா. முதுகு தேவலை.

கிளைட்


கோல்பி ஹாலோ
ஜூன் 16, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் ஹார்லனும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

மரமெல்லாம் முழு இலை விட்டுவிட்டது. ஹார்லன் அடுத்த வருஷமும் விடுவதாக இல்லை. சரிவின் மேல்பாதியில் நல்ல மரங்கள் இருக்கின்றன, இலை இருக்கும்போதே அடையாளம் வைத்துவிடு என்று பெர்னிஸ் சொல்லியிருக்கிறாள். தினம் ஒரு கைப்பிடி இலையைக் கொண்டுவந்து மேஜையில் பரப்புகிறார். இது அதுவா, அது இதுவா என்று இரண்டு பேரும் முழிக்கிறோம். நம் வீட்டில் மரம் பார்க்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான் கொட்டகையில் பாகு நக்கியதோடு சரி.

வருகிறாயா? ஜூலையில் வந்தால் நல்லது. அவசரமாகத் திரும்ப வேண்டியதில்லை. மரத்தில் அடையாளம் வைக்க ஒரு வாரம் போதும், ஆனால் பிப்ரவரியில் துளை போடும்போது யார் பக்கத்தில் நிற்பது? மாடி அறையில் காலை வெயில் வரும். அங்கிருக்கும் அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டேன். போதவில்லை என்றால் மீதியையும் எடுத்துவிடுகிறேன்.

ஹார்லன் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டால் வாளி கழுவ அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா. மரம் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

உன் தங்கை,
வெர்னா


மேசா
ஜூன் 25, 1974

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் நலமாக இல்லை. டிசம்பரிலிருந்தே இல்லை.

உன் கடிதத்தைத் தபால்பெட்டி அருகில் நின்றபடியே படித்தேன். முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். கல்யாணமாகி நான் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து, அத்தானை விசாரிக்காமல் நீ ஒரு கடிதம் எழுதியதில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று எழுத வேண்டாம்.

பெட்ரோல் வரிசையில் நிற்கப் போகிறேன் என்று போனவர். அதற்கு முன் இரண்டு மாதமாகத் தினம் போனார், தினம் மூன்று மணிநேரம். தொட்டி எப்போதும் பாதிதான் நிறைந்திருக்கும். எனக்கு ஒரு தடவை கூட அதைக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் கோட்டை முகரத் தோன்றவில்லை. அப்புறம்தான் எல்லாம் தோன்றியது, அப்போது முகர்வதற்கு வீட்டில் கோட்டு இல்லை. அதனால் உன் வீட்டுக் கோட்டை முகரச் சொன்னேன்.

இதையும் சொல்லாமல் வர எனக்கு மனமில்லை. ஆவி இல்லை என்று நீ எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, வெர்னா. நீயும் வந்துவிடுவாய், இரண்டு பேராக இருப்போம் என்று நினைத்தேன். இரண்டாவது அறைக்குப் புதுப் போர்வை கூட வாங்கினேன். ஹார்லன் வாளி கழுவுகிறார் என்று படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. இப்படிப்பட்ட அக்காவை நீ அழைத்திருக்கிறாய். இதைப் படித்த பிறகும் வரச் சொல்கிறாய் என்றால் ஒரு வரி எழுது. ஒன்பதாம் தேதி பேருந்துக்கு இடம் இருக்கிறது.

வந்தால் முதல் வேலையாக மரங்களைப் பார்க்கிறேன். அதுவரை அந்த மனிதர் கையில் சாயம் கொடுக்காதே.

ஒரு பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். 'கிளைட் அத்தானுக்கு' என்று நீ சீட்டு ஒட்டி அனுப்பினாயே, மூன்று நாளில் தீர்த்துவிட்டார் என்று நான் எழுதிய பாட்டில். மூடிகூடத் திறக்கவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டுப் பெர்னிஸிடம் கொடுத்துவிடு. அவள் காய்ச்சியதுதானே.

தெல்மா